காந்தத்திற்கு ஆடும் இரும்பும் குருதியில் ஓடும் இரும்பும்

மரக்காணத்து உப்பளங்களில் விளையும் கல்லுப்பை உலர்த்திப் பொடித்து, ஒரு சிட்டிகை இரும்புத்தூளைக் கலந்து, தாளில் சுற்றிய காந்தத்தை அதன்மேல் காட்டிப் பாருங்கள். உப்பு அசையாது, கரிய தூள் மட்டும் தாவி ஒட்டிக்கொள்ளும். அத்தூளை ஓர் அட்டையில் பரப்பி, அடியில் காந்தத்தை நகர்த்தினால் முள்முள்ளாக நிமிர்ந்து ஓடும்.

இவ்வாட்டத்தைக் கலையாக்கியோர் உண்டு. கிரேக்கச் சிற்பி டாக்கிஸ் 1959 முதல் காந்த ஈர்ப்பினால் உலோகத் துண்டுகளை அந்தரத்தில் நிறுத்திக் காட்டினார். ஜப்பானியக் கலைஞர் சச்சிகோ கோடாமா, நுண்ணிய இரும்பு ஆக்சைடுத் துகள்கள் கலந்த கரிய திரவத்தை மின்காந்தத்தால் எழுந்தாடச் செய்து, 2001இல் உயிருள்ளதுபோல் தோன்றும் சிற்பமொன்றைப் படைத்தார்.

இதைக் காணும் எவருக்கும் ஓர் ஐயம் எழுவது இயல்பே. நம் குருதியிலும் இரும்பு இருக்கிறதே. காந்த வளையல் அணிந்தால் இரத்த ஓட்டம் பெருகாதா, சோகை தீராதா?

தீராது. வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 3 முதல் 4 கிராம் இரும்பே உள்ளது. அதன் பெரும்பகுதி தூளாக இல்லாமல், ஹீமோகுளோபின் என்னும் புரதத்தினுள் தனித்தனி அணுக்களாகப் பிணைந்துள்ளது. பிராணவாயு ஏற்ற ஹீமோகுளோபினைக் காந்தம் ஈர்ப்பதில்லை. மிக மெலிதாக விலக்கவே செய்கிறது. லைனஸ் பாலிங், சார்லஸ் கோரியெல் ஆகிய இருவரும் 1936இல் இதை நிறுவினர்.

ஆகவே, வளையலை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு உட்கொள்ளாமல், எலுமிச்சைச் சாற்றோடு உட்கொள்வது நன்று. சோகைக்குக் காரணம் எதுவென்று அறிந்துகொள்வதும் இன்றியமையாதது.

படுக்கையில் நெடுநாள் இருப்போர்க்குக் காந்தச் சித்திரம் இனிய பொழுதுபோக்கு. எனினும் மூன்று எச்சரிக்கைகள் வேண்டும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் காந்தத்தை மார்பிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியே வைத்திருக்க வேண்டும். தூள் கண்ணில் விழுந்தால் கசக்காமல் தூய நீரால் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சிறு காந்தங்களைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்; இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடற்சுவர்களுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துத் துளையிடக்கூடும். குழந்தை காந்தத்தை விழுங்கியதாக ஐயம் எழுந்தால், வலி தோன்றும்வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.