அறுந்தே ஆக வேண்டிய நூல்

பட்டா, கலப்படமா என்று சந்தேகம் வந்தால் ஆரணிப் பக்கம் யாரும் ஆய்வகத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. சேலை ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினால் போதும். அசல் பட்டு உருகாது. முடி கருகும் வாடையோடு சுருண்டு கரியாகும். விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். செயற்கை இழையோ உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டு நிற்கும்.

தறிக்காரர் வேண்டாமென்று கழிக்கிற அந்த உருகும் குணத்தைத்தான் சின்னச் செயற்கைக்கோள் செய்பவர்கள் தேடி எடுக்கிறார்கள்.

சென்னை சத்யபாமா பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய சத்யபாமாசாட் 2016 ஜூன் 22 அன்று பி.எஸ்.எல்.வி. சி-34 ராக்கெட்டில் போனது. எடை வெறும் 1.5 கிலோ. ‘கியூப்சாட்’ எனப்படும் இந்தக் குட்டிச் செயற்கைக்கோள்களின் அடிப்படை அளவு பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர். ஆனால் 145 மெகாஹெர்ட்ஸில் பேச வேண்டுமானால் அரை மீட்டர் நீள ஆன்டெனா தேவை. அதனால் பல குழுக்கள் தச்சர்கள் நன்கறிந்த ஒரு பொருளிடம் போகின்றன: எஃகு அளவு டேப். மடக்கிச் சுற்றினால் அடங்கும், விட்டால் தானாக விறைத்து நீளும். விரிவதற்கான சக்தி டேப்பின் முறுக்கிலேயே இருக்கிறது. மின்சாரத்துக்கு உள்ள ஒரே வேலை, அதைக் கட்டி வைத்திருக்கும் நூலை அறுப்பது.

அந்த நூல் பெரும்பாலும் நைலான் அல்லது டைனீமா. டைனீமா ஏறக்குறைய 150 டிகிரியிலேயே உருகிவிடும். நூலை ஒட்டி மயிரிழை போன்ற நிக்ரோம் கம்பி ஒன்று போகும். மின்சாரம் பாய்ந்ததும் அது செக்கச்சிவந்து நூலைத் துண்டிக்கும். இந்த இடத்தில் பட்டு உதவாது. காற்றில்லாத வெளியில் அது எரியவும் செய்யாது, உருகவும் செய்யாது. கருகிக்கொண்டே தொங்கினாலும் தொங்கும்.

ஒரே ஒரு முறை நடக்க வேண்டிய காரியம் நடக்காமல் போனால் என்ன ஆகும்? 2017 ஆகஸ்ட் 31 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-39 அதற்குச் சாட்சி. வெப்பக் கவசம் பிரியவில்லை. 1,425 கிலோ எடையுள்ள ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1எச் செயற்கைக்கோள் கவசத்துக்குள்ளேயே சிறைப்பட்டு வீணானது. எத்தனையோ பேரின் ஆண்டுக்கணக்கான உழைப்பு அது.

அப்படியானால் நூலை அறுக்கும் மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது? கணக்குப் போட்டால் தேவை மிகக் கொஞ்சம். 5 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர், 10 வினாடி என்றால் 75 ஜூல். கைக்கடிகாரத்திலும் கார் சாவியிலும் போடுகிற சிஆர்2032 பட்டன் பேட்டரியில் இதைப்போல் 30 மடங்கு இருக்கிறது. இருந்தும் அதை நேரே கம்பியில் இணைத்தால் நூல் அறாது. குடம் நிறையத் தண்ணீர் இருந்தாலும் வாய் ஊசித்துளையாக இருந்தால் தீயை அணைக்க முடியுமா? அந்தப் பேட்டரியிலிருந்து சில பத்து மில்லி ஆம்பியருக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

மற்றொரு தேர்வான லித்தியம் தயோனில் குளோரைடு பேட்டரி பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்தாலும் சக்தி அதிகம் குறையாது. காரணம், உள்ளே லித்தியத்தின் மேல் படரும் மெல்லிய உப்புப் படலம். காவலாக இருக்கும் அதே படலம் திடீரென்று நிறைய மின்னோட்டம் கேட்கும்போது முட்டுக்கட்டையாகி, முதல் சில நொடிகளுக்கு வோல்டேஜைச் சரியவைக்கும். ஏவுகணைகளில் இருக்கும் வெப்ப மின்கலம் இன்னொரு ரகம். அதிலுள்ள உப்பு திடமாக இருக்கும்வரை மின்கலம் உறங்கும். வெடிமருந்துச் சூட்டில் உப்பு உருகியதும் பெருஞ்சக்தியைக் கொட்டித் தீர்த்து அடங்கும். ஆனால் கியூப்சாட் விதிமுறை வெடிமருந்தை அனுமதிப்பதில்லை. பல கோடி ரூபாய்ச் செயற்கைக்கோளோடு ஒரே ராக்கெட்டில் பயணம் செய்யும் குட்டிப் பெட்டிக்கு அது நியாயமான கட்டுப்பாடுதான்.

ஒருமுறை மட்டுமே பயன்படும் பேட்டரியின் பெருமையைக் காட்ட ஹைகன்ஸ் கலம் ஒன்றே போதும். 1997இல் கிளம்பி, ஏழாண்டு காசினி விண்கலத்தின் மடியில் பயணம் செய்து, 2005 ஜனவரி 14 அன்று சனியின் துணைக்கோளான டைட்டனில் அது இறங்கியது. அதுவரை சேமித்து வைத்திருந்த லித்தியம் பேட்டரிகள், இறங்கிய பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதைப் பேச வைத்தன. சூரிய ஒளி மங்கிய அந்த மூடுபனி உலகில் வெயிலை நம்ப முடியாது.

பூமியைச் சுற்றும் பெட்டியின் நிலைமை வேறு. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வெயில் கிடைக்கிறது. இங்கே சூப்பர் கெப்பாசிட்டர் எனப்படும் மின்தேக்கியே நல்ல தேர்வு. கட்டைவிரல் அளவில் 2.7 வோல்ட், 25 ஃபாரட் கொண்டவை இரண்டு இருந்தால் சுமார் 180 ஜூல் தேங்கும். சிறு பேட்டரியிலிருந்து சொட்டுச் சொட்டாக நிரப்பி, ஒரே வீச்சில் கவிழ்க்கலாம். பேட்டரி சோர்ந்துபோகும் உறைகுளிரிலும் அது கைகொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தீர்ந்தால் மறுபடி நிரப்பலாம்.

ராக்கெட்டிலிருந்து வெளியேறி 30 நிமிடம் ஆகும்வரை கியூப்சாட் எதையும் விரிக்கக் கூடாது. அந்த அரை மணி முடிந்ததும் முதல் நிக்ரோம் கம்பி சூடேறும். நூல் அறுந்ததா என்பதை ஆன்டெனாவின் அடியிலுள்ள சின்ன ஸ்விட்ச் சொல்லிவிடும். அறவில்லை என்றால் அதே நூலில் தனியாகச் சுற்றிய இரண்டாவது கம்பி. அதுவும் பலிக்காவிட்டால், அடுத்த சுற்றில் வெயில் பக்கம் வந்து மின்தேக்கி நிரம்பியதும் மறுபடி முதல் கம்பி.