பாடசாலை உணவும் சிறு கமக்காரரும்

விளைவித்தல் கமக்காரன் முயற்சியின் ஒரு பாதியே. விளைந்ததைத் தக்க விலைக்கு விற்றல் மறுபாதியாகும். சிறு நிலமுடையோர் பலர் முதற்பாதியில் வென்று, மறுபாதியில் தோற்கின்றனர். அறுவடைக் காலத்தில் யாவரும் ஒருங்கே விற்க முற்படுதலின் விலை வீழ்கின்றது. காயும் கனியும் நாட்பட நில்லா. பட்ட கடனும் பொறுத்திருக்க விடாது. ஆகவே, தரகர் கூறியதே விலையாகின்றது.

மறுபுறத்தே, அரசினர் பாடசாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் நாள்தோறும் உணவுப்பொருள் வாங்குகின்றனர். இவ்விரு சாராரையும் இணைத்தல் எளிதெனத் தோன்றும். ஆயின், இடையே நிற்பது கேள்விப்பத்திர முறையாகும். பெருந்தொகையான பொருளை மிகக் குறைந்த விலைக்குத் தருவோர்க்கே ஒப்பந்தம் என்னும் விதி, எல்லார்க்கும் பொதுவானதுபோலத் தோன்றினும், இரண்டு ஏக்கர் நிலமுடையானை வாயிலிலேயே தடுத்துவிடுகின்றது.

இத்தடையைச் சட்டத்தால் நீக்க முயன்ற நாடுகளுள் பிறேசில் குறிப்பிடத்தக்கது. குடும்பக் கமக்காரரிடமிருந்து அரசே உணவுப்பொருள் வாங்கும் திட்டம் அங்கு 2003 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. பாடசாலை உணவுக்கென மத்திய அரசு வழங்கும் பணத்தில் நூற்றுக்கு 30 வீதமேனும் அவர்தம் விளைபொருளுக்குச் செலவிடப்படல் வேண்டுமென 2009 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2025 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் அப்பங்கினை 2026 தொடக்கம் 45 வீதமாக உயர்த்தியது.

வீதத்தினும் வாங்கும் முறையே ஈண்டு நோக்கற்பாலது. விலைப்போட்டிக்குப் பதிலாகப் பகிரங்க அழைப்பு விடுக்கப்படுகின்றது. சந்தை நிலவரத்தை ஆராய்ந்து விலை முன்னரே குறிக்கப்படுகின்றது. பலர் முன்வரின், உள்ளூரார்க்கு முதலிடம் உண்டு. ஒரு குடும்பம் ஆண்டொன்றில் விற்கத்தக்க தொகைக்கு வரம்பும் உண்டு. இன்றேல், வசதியுடைய சிலரே முழுப்பயனையும் கவர்ந்துவிடுவர். போசணை நிபுணர், அவ்வப் பகுதியின் விளைவுக்கும் உணவுப் பழக்கத்துக்கும் இயைய உணவுப்பட்டியலை வகுக்கின்றனர்.

எனினும், சட்டம் வாயிலைத் திறக்குமேயன்றி, மூட்டையைச் சுமந்து வாராது. முறையான விற்பனைச் சிட்டை, இடையறாத வழங்கல், சுகாதாரத் தகுதி ஆகியன இல்லாவிடத்து, விதித்த பங்கினின்று விலக்களிக்க 2009 ஆம் ஆண்டுச் சட்டமே இடந்தந்தது. தனித்து நிற்கும் கமக்காரர் இவற்றை நிறைவேற்றுதல் அரிது. பலர் கூட்டுறவுச் சங்கமாக இணையின், ஒருவர் விளைவு குறையும்போது மற்றொருவர் விளைவு ஈடு செய்யும். கணக்கும் வண்டியும் பொதுவாகும்.

எனவே, வாங்குவோர் தம் விதியைத் திருத்துதலும், விற்போர் ஒன்றுகூடுதலும் ஒருங்கே நிகழ்தல் வேண்டும். ஒன்று இன்றேல் மற்றையது பயன் தராது. இரண்டும் அமையின், மாணவர்க்குப் புதிய உணவும், கமக்காரர்க்கு நிலையான வருவாயும் ஒரே செலவிற் கிட்டும்.