கம்பெனியைத் தூக்கி நிறுத்திய நீல முள்ளெலி!

வீட்டில் பிள்ளைகள் செல்போனில் விளையாடும்போது, நீல நிறப் பிராணி ஒன்று சிவப்பு பூட்ஸ் மாட்டிக்கொண்டு தலைதெறிக்க ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதை எலி என்பவர் உண்டு. பூனை என்பவரும் உண்டு. இரண்டும் இல்லை. அது முள்ளெலி. பெயர் சோனிக். பிறந்த நாடு ஜப்பான். பிறந்த ஆண்டு 1991.

முள்ளம்பன்றி வேறு, முள்ளெலி வேறு. முள்ளெலி உள்ளங்கையில் அடங்கும் சிறு பிராணி. ஆபத்து வந்தால் பந்து போல் சுருண்டுகொள்ளும். தமிழ்நாட்டின் வறண்ட பகுதிகளில் அதன் இனம் ஒன்று இன்றும் இருக்கிறது. விஞ்ஞானிகள் அதற்கு வைத்திருக்கும் பெயரே 'மெட்ராஸ் முள்ளெலி' என்பதுதான்.

ஜப்பான் முள்ளெலியை யாரும் பொழுது போகாமல் வரையவில்லை. பிழைக்க வழி தேடிய ஒரு கம்பெனி, சிப்பந்திகளின் மூளையைக் கசக்கிப் பிழிந்து உண்டாக்கிய பிராணி அது. அதன் முப்பது ஆண்டுக் கதையில், உழைத்துப் பிழைக்கும் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

பிளாட்பார ஆட்டம்

பிளாட்பாரம் என்றால் நமக்கு ரயில் நிலையம்தான் நினைவுக்கு வரும். வீடியோ விளையாட்டிலும் 'பிளாட்பார ஆட்டம்' என்று ஒரு வகை உண்டு. திட்டுத் திட்டாக மேடைகள் இருக்கும். ஒரு மேடையிலிருந்து அடுத்த மேடைக்குத் தாவ வேண்டும். தவறினால் பள்ளம். அவ்வளவுதான் ஆட்டம்.

இந்த வகையில் அரசனாக இருந்தது நின்டெண்டோ கம்பெனி. 1889-ம் ஆண்டு கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு தயாரிக்க ஆரம்பிக்கப்பட்ட கம்பெனி அது. 1985-ல் அது வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டம் 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. மீசை வைத்த குழாய் ரிப்பேர்க்காரர் மாரியோவைத் தெரியாத குழந்தை அமெரிக்காவில் இல்லை என்ற நிலை.

எதிரே நின்றது செகா. 'சர்வீஸ் கேம்ஸ்' என்ற இரண்டு சொற்களின் தலையெழுத்துகளைச் சேர்த்து உண்டான பெயர். 1988-ல் ஜப்பானிலும், 1989-ல் 'ஜெனிசிஸ்' என்ற பெயரில் அமெரிக்காவிலும் சக்தி வாய்ந்த புதிய யந்திரத்தை அது விற்பனைக்கு விட்டது. யந்திரம் இருந்தது, நாயகன் இல்லை. அலெக்ஸ் கிட் என்ற பாத்திரத்தை 1986-லேயே கொண்டு வந்து பார்த்தார்கள். மாரியோவின் முன்னால் அது எடுபடவில்லை. "நமக்கும் ஒரு முகம் வேண்டும். சிப்பந்திகள் வரைந்து கொண்டு வரட்டும்!" இதுதான் செகா நிர்வாகத்தின் முடிவு.

பூங்காவில் நடந்த தேர்தல்

நவோடோ ஓஷிமா என்ற ஓவியர் பல உருவங்களை வரைந்தார். காதால் பொருள்களை எடுத்து வீசும் முயல் ஒன்று. ஒரு நாய். பைஜாமா அணிந்த மீசைக்காரத் தடியர் ஒருவர். ஒரு முள்ளெலி. முயல் ஆட்டம் பாதியில் கைவிடப்பட்டது. ஓடுவதும் நிற்பதும் பொருளை எடுப்பதுமாக இருந்தால் வேகம் எங்கே வரும்?

அடுத்து ஓஷிமா ஒரு காரியம் செய்தார். படங்களை எடுத்துக்கொண்டு நியூயார்க் சென்றார். சென்ட்ரல் பார்க் பூங்காவில் போவோர் வருவோரிடம் காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்டார். முதலிடம் முள்ளெலிக்கு. இரண்டாமிடம் மீசைக்காரருக்கு. முள்ளெலி நாயகனாயிற்று, மீசைக்காரர் வில்லனாகிவிட்டார்!

உடலின் நீல நிறம் கம்பெனி முத்திரையின் நிறம். சிவப்பு பூட்ஸ் யோசனை வந்தது, மைக்கேல் ஜாக்சனின் இசைத்தட்டு உறையிலிருந்தும் கிறிஸ்துமஸ் தாத்தாவின் உடையிலிருந்தும்.

தண்டவாளம் போட்டவர்கள்

வண்டி வேகமாக ஓடினால் பயணிகள் டிரைவரைப் புகழ்வார்கள். வேகம் தண்டவாளத்தில் இருக்கிறது என்பது ரயில்வேக்காரர்களுக்குத் தெரியும். சோனிக்கின் கதையும் அதுதான்.

தண்டவாளம் போட்டவர்கள் இருவர். ஒருவர் யூஜி நாகா. கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுபவர். அந்தக் காலத்து ஆட்டங்களில் பாத்திரங்கள் பெரும்பாலும் சமதரையில்தான் ஓடும். வளைவான பாதையிலும் மேடு பள்ளத்திலும் வழுக்கிக்கொண்டு ஓடும் வித்தையை எழுதியவர் நாகா. மாரியோவின் முதல் கட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடும்போது, இதை இன்னும் சீக்கிரம் முடிக்க முடியாதா என்று அவருக்குத் தோன்றுமாம். அந்த ஆசையின் பலன் இது. மற்றவர் ஹிரோகாசு யாசுஹாரா. எந்த இடத்தில் மேடு, எந்த இடத்தில் முள், எந்த இடத்தில் வட்டமடித்துச் சுழலும் பாதை என்று ஒவ்வொன்றாகத் திட்டமிட்டவர்.

ஆட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. வழியெல்லாம் தங்க வளையங்கள் கிடக்கும். கையில் ஒரே ஒரு வளையம் இருந்தாலும், அடி வாங்கும்போது வளையங்கள் சிதறுமே தவிர உயிர் போகாது. மாதக் கடைசியில் பத்து ரூபாய் மிச்சம் வைத்திருப்பவனின் தைரியம் போன்றது அது.

1991 ஜூன் 23-ந் தேதி அமெரிக்காவில் ஆட்டம் வெளியாயிற்று. ஆனால் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் ஓஷிமாவின் பெயர் இல்லை. 'பெரிய தீவு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்தது. ஓஷிமா என்ற ஜப்பானியச் சொல்லின் பொருள் அதுதான்! நாகாவுக்கும் யாசுஹாராவுக்கும் இதே போல் புனைபெயர்கள். சொந்தப் பெயரைப் போடுவது அந்த நாளில் வழக்கமில்லை. நாகா சும்மா இருக்கவில்லை. கறுப்புத் திரையில் கறுப்பு எழுத்தில், யார் கண்ணுக்கும் தெரியாமல், உண்மைப் பெயர்களை ஒளித்து வைத்தார். கோபுரம் கட்டிய சிற்பி மூலையில் தன் உருவத்தைச் செதுக்கி வைத்தது போல!

அமெரிக்காவில் கொடி

செகாவின் அமெரிக்கக் கிளைக்குத் தலைவராக 1990-ல் வந்தவர் டாம் கலின்ஸ்கி. பொம்மைக் கம்பெனியில் பழம் தின்று கொட்டை போட்டவர். "யந்திரத்தின் விலையைக் குறையுங்கள். யந்திரத்தோடு சோனிக் ஆட்டத்தை இலவசமாகக் கொடுங்கள்" என்பது அவர் யோசனை. டோக்கியோ டைரக்டர்கள் எதிர்த்தார்கள். தலைவர் ஹயாவோ நாகயாமா மட்டும், அவர் இஷ்டப்படி செய்யட்டும் என்று விட்டார். நின்டெண்டோவின் கோட்டையில் ஓட்டை விழுந்தது. செகாவின் அந்த யந்திரம் உலகெங்கும் சுமார் 3 கோடி விற்றது.

இந்தியாவுக்கும் அது வந்தது. 1990-களின் நடுவில் ஷா வாலஸ் கம்பெனி இங்கே விற்றது. விலை 18,000 ரூபாய். அன்றைக்கு ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளம்! நம் பிள்ளைகள் அதைக் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி.

இதற்கிடையே முதல் ஆட்டம் முடிந்த கையோடு நாகா ஜப்பானில் வேலையை விட்டுவிட்டார். சம்பளத்திலும் நடத்தையிலும் மனக்கசப்பு. அமெரிக்காவில் இருந்த செகாவின் பிரிவு அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. உள்ளூரில் மதிப்பில்லாமல் வெளியூரில் போய் நிற்பது நம்மவர்களுக்குத் தெரியாத அனுபவமா என்ன? அமெரிக்கர்களும் ஜப்பானியர்களும் சேர்ந்து செய்த இரண்டாவது ஆட்டம் 1992 நவம்பர் 24-ந் தேதி வந்தது. 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் போயிற்று. இரட்டை வால் நரிக்குட்டி 'டெய்ல்ஸ்' அறிமுகமானது இதில்தான்.

மூன்றாவது ஆட்டத்தைக் குறித்த நாளுக்குள் முடிக்க முடியவில்லை. அவசரமாக அரைகுறையாக விடாமல் இரண்டாகப் பிரித்தார்கள். 1994 பிப்ரவரியில் ஒரு பாதி, அக்டோபரில் மறு பாதி. பின்னால் வந்த ஆட்டப் பெட்டியின் தலையில் ஒரு பொருத்துவாய் வைத்தார்கள். முன்னால் வந்த பெட்டியை அதில் செருகினால் இரண்டும் ஒரே ஆட்டம்! ரயில் பெட்டிகளைக் கொக்கி போட்டு இணைப்பது போலத்தான்.

அவசரத்தின் விலை

இதற்குப் பிறகு செகாவுக்கு நிதானம் தவறியது. அடுத்த யந்திரமான 'சாட்டர்ன்' 1995 செப்டம்பரில் அமெரிக்காவுக்கு வரும் என்று அறிவித்திருந்தார்கள். திடீரென்று மே மாதமே கடைக்கு அனுப்பினார்கள். அதுவும் சில கடைகளுக்கு மட்டும். மற்ற கடைக்காரர்கள் கொதித்தார்கள். விற்க ஆட்டங்களும் போதுமான அளவு இல்லை.

அந்த யந்திரத்துக்காக 'சோனிக் எக்ஸ்-ட்ரீம்' என்ற ஆட்டத்தை 1996 கிறிஸ்துமஸுக்குள் முடிக்கச் சொல்லி நெருக்கினார்கள். கம்ப்யூட்டர் நிபுணர் ஒருவர் ஆபீசிலேயே படுத்து எழுந்து வேலை செய்து நிமோனியா கண்டு விழுந்தார். இன்னொருவரும் கடுமையாக நோயுற்றார். ஆட்டம் கைவிடப்பட்டது. சாட்டர்ன் யந்திரத்துக்கென்றே செய்த ஒரு சோனிக் பிளாட்பார ஆட்டம் கடைசி வரை வரவில்லை.

1998-ல் வந்த 'டிரீம்காஸ்ட்' யந்திரமே கடைசி. 'சோனிக் அட்வென்ச்சர்' போன்ற நல்ல ஆட்டங்கள் வந்தும் கடன் தீரவில்லை. இனி யந்திரம் செய்வதில்லை என்று 2001 ஜனவரி 31-ந் தேதி செகா அறிவித்தது. அப்போது தலைவராக இருந்தவர் இசாவோ ஓகாவா. கம்பெனி தமக்குத் தர வேண்டிய கடனைத் தள்ளுபடி செய்தார். சுமார் 69 கோடி டாலர் பெறுமான தம் பங்குகளையும் கம்பெனிக்கே கொடுத்தார். அந்த மார்ச் மாதம் காலமானார். அப்படியும் ஒரு முதலாளி!

அதே 2001 டிசம்பரில் ஒரு வேடிக்கை நடந்தது. பத்து வருஷம் யாரை எதிர்த்து ஓடியதோ, அந்த நின்டெண்டோவின் யந்திரத்திலேயே சோனிக் ஓட ஆரம்பித்தது. 2007-ல் மாரியோவும் சோனிக்கும் ஒரே ஒலிம்பிக் ஆட்டத்தில் ஜோடியாக வந்தார்கள்.

பாடம் படித்தார்களா? இல்லை. 15-வது ஆண்டு நிறைவையும் பண்டிகை விற்பனையையும் குறி வைத்து 2006-ல் ஓர் ஆட்டத்தை வெளியிட்டார்கள். வேலை நடக்கும்போதே நாகா கம்பெனியை விட்டுப் போனார். மிச்சமிருந்தவர்களையும் இரண்டாகப் பிரித்து வேறு ஆட்டத்துக்கு அனுப்பினார்கள். வெளிவந்ததில் பிழை மேல் பிழை. சோனிக் பெயருக்கே அது களங்கம் என்று ரசிகர்கள் நொந்தார்கள்.

காப்பாற்றியவர்கள் ரசிகர்கள்

இறங்கிய பெயரை மீட்டவர்கள் ரசிகர்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிறிஸ்டியன் வைட்ஹெட், பழைய சோனிக் ஆட்டங்களைத் தாமே பிரித்துப் பார்த்துப் படித்தவர். அவரையும் அவரைப் போன்ற ரசிகர் நிபுணர்களையும் செகா கூப்பிட்டு வேலை கொடுத்தது. அவர்கள் செய்த 'சோனிக் மேனியா' 2017-ல் வந்தது. பழைய பாணியில் அமைந்த அந்த ஆட்டத்தை எல்லோரும் பாராட்டினார்கள்.

சினிமாவிலும் அப்படித்தான். 2019 ஏப்ரல் இறுதியில் முன்னோட்டம் வந்தபோது, மனிதப் பல்லோடு இருந்த முள்ளெலியைப் பார்த்து உலகமே முகம் சுளித்தது. டைரக்டர் ஜெஃப் ஃபவுலர் சில நாட்களிலேயே, உருவத்தை மாற்றுகிறோம் என்று அறிவித்தார். நவம்பரில் வர வேண்டிய படம் 2020 பிப்ரவரி 14-க்குத் தள்ளிப் போயிற்று. பலன், சுமார் 32 கோடி டாலர் வசூல். 2024 டிசம்பரில் வந்த மூன்றாம் பாகம் 49 கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது.

இதில் ஒரு கசப்பும் உண்டு. முதல் படத்தின் கம்ப்யூட்டர் காட்சிகளில் வேலை செய்த எம்.பி.சி. நிறுவனத்தின் வான்கூவர் கிளை 2019 டிசம்பரில் மூடப்பட்டது. தொழில் நெருக்கடி என்று காரணம் சொன்னார்கள். படம் வெளியாவதற்கு இரண்டு மாதம் முன்பே அங்கிருந்தவர்களுக்கு வேலை இல்லை. முள்ளெலிக்குப் புது முகம் வந்தது; வேலை பார்த்த இடத்துக்குப் பூட்டு வந்தது.

படைத்தவர்கள் என்ன ஆனார்கள்? நாகா, வெளியாகாத வியாபாரச் செய்தியை முன்கூட்டியே அறிந்து பங்கு வாங்கிய வழக்கில் 2023-ல் தண்டிக்கப்பட்டார். இரண்டரை ஆண்டுச் சிறை, நான்கு ஆண்டுகளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. கூடவே பெரும் அபராதம். அதே 2023-ல் வெளிவந்த 'சோனிக் சூப்பர்ஸ்டார்ஸ்' ஆட்டத்தைச் செகாவுடன் சேர்ந்து செய்தது ஓஷிமாவின் சொந்தக் கம்பெனி. ஒரு காலத்தில் புனைபெயரில் மறைந்து நின்றவர், முப்பது ஆண்டு கழித்துச் சொந்தப் பெயரில் திரும்பி வந்து அதே முள்ளெலியை ஓட விட்டார்.

சோனிக் என்றால் வேகம். ஆனால் அந்த வேகம் நிதானமாக உழைத்தவர்களிடமிருந்து வந்தது. பூங்காவில் நின்று ஊராரைக் கேட்டபோதும், ஆட்டத்தை இரண்டாகப் பிரித்து முழுமையாக முடித்தபோதும், படத்தை மூன்று மாதம் தள்ளிப் போட்டபோதும் அது ஜெயித்தது. தேதியைக் காட்டி ஆட்களை விரட்டியபோதெல்லாம் குப்புற விழுந்தது. வேகம் வேறு, அவசரம் வேறு. வேலை வாங்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால், வேலை செய்கிறவன் நிமோனியாவில் விழ வேண்டியதில்லை.