பெயரில் பதிந்த பார்வை

ஆங்கிலத்தில் உண்ணும் காளான்களுக்கும் சிப்பி, இறால் வகைகளுக்கும் வழங்கும் பெயர்களில் பல, உயிரியல் வகைப்பாடு தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே பிறந்தவை. அதனாலேயே அவற்றை அறியாமையின் எச்சம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் அவை கூர்ந்து பார்த்தவர்களின் பதிவுகள். மசல் என்னும் கருநீலச் சிப்பியின் பெயர் லத்தீன் மஸ்குலுஸ் வழி வந்தது, பொருள் சுண்டெலி. கருத்துத் திரண்ட அந்த ஓட்டைப் பார்த்தால் காரணம் விளங்கும். தோலுக்கடியில் நெளியும் தசைக்கும் ரோமானியர் அதே சொல்லைத்தான் வைத்தார்கள். ஆய்ஸ்டர் என்ற சிப்பியின் பெயருக்கு மூலமான கிரேக்கச் சொல், எலும்பைக் குறிக்கும் சொல்லுக்கு உறவு. சாந்தரெல் காளானின் பெயரில் கிரேக்கர்களின் மதுக்கிண்ணமான காந்தரோஸ் இருக்கிறது. விளிம்பு மேல்நோக்கி விரிந்து நடுவில் குழிந்த காளான் அது. மண்ணுக்குள் விளையும் டிரஃபிள் காளானின் பெயருக்கோ, புடைப்பைக் குறிக்கும் டூபர் என்ற லத்தீன் சொல்லே வேர்.

உருவத்தை நம்பினால் உறவு தவறிப்போகாதா என்று கேட்கலாம். லாப்ஸ்டர் என்ற சிங்கி இறாலை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் லத்தீன் லோகுஸ்டாவிலிருந்து வந்தது என்பதே பெரும்பான்மைக் கருத்து. ரோமானியர் வெட்டுக்கிளியையும் சிங்கி இறாலையும் அந்த ஒரே சொல்லால் அழைத்தார்கள். கடலில் வாழ்வதற்கு வயல் பூச்சியின் பெயரா? கணுக்கணுவான கால்கள், நீண்ட உணர்கொம்புகள், உடலை மூடிய கடினக் கூடு என இரண்டுக்கும் பொதுவானவற்றை அவர்கள் கண்டிருக்கிறார்கள். பூச்சிகள் இறால், நண்டு இனங்களின் கிளைக்குள்ளிருந்தே தோன்றியவை என்று இன்றைய மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தக் கண் ஏமாறவில்லை.

சிங்கி இறாலின் உறவான கிரேஃபிஷ் மீனே அல்லவே என்பது அடுத்த மறுப்பு. அந்தப் பிழை பெயர் வைத்தவருடையதன்று. பழைய பிரெஞ்சில் அது கிரெவிஸ். அதன் கடைசி அசையை ஆங்கிலேயர் காது தங்களுக்குப் பழகிய ஃபிஷ் ஆக்கிக்கொண்டது. மூலச்சொல்லில் மீன் கிடையாது.

ஜப்பானிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற பெயர்கள் உருவத்தையும் தாண்டி, காளானின் வாழ்வையே சொல்லிவிடுகின்றன. டாக்கே என்றால் காளான். ஷிட்டாக்கே, ஷீ மரத்தின் காளான். மட்சுடாக்கே, பைன் மரத்தின் காளான். முன்னது பட்ட மரத்தைத் தின்று வளர்வதால் வெட்டிய கட்டைகளில் பயிரிட முடிகிறது. பின்னது உயிருள்ள பைன் வேரோடு ஊட்டம் பகிர்ந்து வாழ்வதால், இன்றும் காட்டில் தேடியே பறிக்க வேண்டியிருக்கிறது.