ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம்

அலர்ஜி ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்களில் பலர், கையில் வைத்த பஞ்சை எடுப்பதற்குள் "கிளம்பலாமா டாக்டர்?" என்று கேட்டுவிடுகிறார்கள். ஆபீசுக்கு நேரமாகிறது, பிள்ளையை டியூஷனில் விட வேண்டும். பல மருத்துவமனைகளிலும் "சரி, பார்த்துப் போங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். இந்தச் சிகிச்சையில் பயப்பட வேண்டிய விஷயம் ஊசியைவிட இந்த அவசரம்தான்.

இது ஸ்டீராய்டு ஊசி அல்ல. உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளவில்லையோ, அதிலிருந்தே சாறு எடுத்து, மிகச் சிறிய அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தோலுக்கடியில் போடுகிறார்கள். வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சி, கரப்பான், சீமைக் கருவேல மகரந்தம் என்று ஆளுக்கு ஆள் மருந்து மாறும். 1911இல் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் லெனார்ட் நூன் புல் மகரந்தச் சாற்றை வைத்துத் தொடங்கிய முறை இது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் விடாமல் போட்டுக்கொண்டால் தும்மலும் மூக்கடைப்பும் மாத்திரைச் செலவும் நன்றாகவே குறையும். ஆனால் பகையாளியையே உள்ளே விடுகிறோம் என்பதால் உடம்பு எப்போதாவது சீறத்தான் செய்யும்.

ஊசி போட்ட இடம் சிவந்து வீங்குவதும் அரிப்பதும் சகஜம். ஐஸ் ஒத்தடம் போதும். வீக்கம் பெரிதாக இருந்தாலோ மறுநாளும் வடியாவிட்டாலோ, அடுத்த ஊசிக்கு முன் சொல்லிவிட வேண்டும். அளவைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்வார். உடம்பு முழுக்கத் தடிப்பு, தொண்டை அடைப்பு, விடாத இருமல், வீசிங், வயிற்றைப் பிசைவது, தலைசுற்றல் ஆகியவை வேறு ரகம். இதைத்தான் அனாபிலாக்சிஸ் என்கிறார்கள். அரிதுதான், ஆனால் உயிரைக் குடிக்கக்கூடியது. பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் தலைகாட்டிவிடும் என்பதால்தான் 30 நிமிடம் உட்கார வைக்கிறார்கள். சிலருக்கு வீட்டுக்குப் போன பிறகும் வரலாம். அன்றைக்கு ஜிம், ஓட்டம் எல்லாம் வேண்டாம்.

பிரிட்டனில் 1986இல் மருந்துப் பாதுகாப்புக் குழு ஒரு கணக்கை வெளியிட்டது. 1957 முதல் இவ்வகை ஊசியால் 26 பேர் இறந்திருந்தார்கள். எதற்காக ஊசி போடப்பட்டது என்று பதிவாகியிருந்த 17 பேரில் 16 பேர் ஆஸ்துமாக்காரர்கள். அதன் பிறகு அங்கே சாதாரண கிளினிக்குகளில் இந்த ஊசி ஏறக்குறைய நின்றேபோனது. அவ்வளவு பயம் தேவையா என்பது வேறு பேச்சு. ஆனால் அந்த 16 பேரை மறக்கக் கூடாது. அடங்காத ஆஸ்துமாவோடு இந்த ஊசியைப் போடக் கூடாது. நேற்று இரவு இழுப்பு இருந்ததா, இன்ஹேலர் கூடுதலாகத் தேவைப்பட்டதா, காய்ச்சல் உண்டா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். பிரஷருக்கோ இதயத்துக்கோ மெட்டோப்ரோலால், அட்டெனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். அந்த மாத்திரை, ஆபத்து நேரத்தில் கொடுக்கும் மருந்தைச் சரியாக வேலை செய்ய விடாது. கர்ப்பமாக இருக்கும்போது இந்தச் சிகிச்சையைப் புதிதாகத் தொடங்குவதில்லை.

குப்பியையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். 1:5000 என்று எழுதிய குப்பிக்குப் பதிலாக 1:50 குப்பியை எடுத்துவிட்டால் மருந்து நூறு மடங்கு ஏறிவிடும். உங்கள் பெயர், வீரியம், காலாவதித் தேதி மூன்றையும் படித்துக் காட்டச் சொல்வதில் எந்த நர்சும் கோபித்துக்கொள்ள நியாயமில்லை. நடுவில் சில வாரம் விட்டுப்போயிருந்தால் பழைய அளவிலேயே தொடரக் கூடாது. அதை மறைக்காதீர்கள்.

நம் ஊரில் இன்னொரு பழக்கம் உண்டு. உடம்பெல்லாம் தடித்தால் உடனே அவில், டெக்ஸா என்று இரண்டு ஊசி. அனாபிலாக்சிஸில் முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்புறத் தசையில், தாமதமில்லாமல் போட வேண்டும். மற்றதெல்லாம் பிறகுதான். இத்தனைக்கும் அது விலை மலிந்த சின்ன ஆம்பியூல். முதல் நாளே கேட்டுவிடுங்கள்: "அட்ரினலின் இருக்கா? ஊசி போடும்போது டாக்டர் இருப்பாரா?" பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். ஊசி மருந்தை வீட்டுக்கு வாங்கிவந்து தெரிந்த கம்பவுண்டரிடம் போட்டுக்கொள்வதை நான் தற்கொலைத் துணிச்சல் என்றே சொல்வேன். நாக்கடியில் விடும் சொட்டு மருந்தும் மாத்திரையும் ஊசியைவிடப் பாதுகாப்பானவை, வாய் அரிப்போடு பெரும்பாலும் நின்றுவிடும். ஆனாலும் முதல் வேளையை மருத்துவர் முன்னால்தான் எடுக்க வேண்டும்.

வீட்டில் மூச்சுத் திணறினால் 108. ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுவிடச் சிரமமென்றால் உட்காரட்டும், எழுப்பி நடக்க வைக்க வேண்டாம்.

இனி உரிமை. ஆபத்தையும் மாற்று வழியையும் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நீட்டிய தாளில் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. மருத்துவப் பதிவுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி. பக்கவிளைவை நோயாளியே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சிகிச்சைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இதில் வராது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: பக்கவிளைவு வந்தது என்பதாலேயே அது கவனக்குறைவு ஆகிவிடாது. மிகக் கவனமான மருத்துவரின் கையிலும் அனாபிலாக்சிஸ் வரும். ஆஸ்துமா பற்றிக் கேட்டார்களா, உட்கார வைத்தார்களா, அட்ரினலின் எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பதில்தான் வழக்கு நிற்கும். அதனால் ஒவ்வொரு முறையும் தேதி, குப்பி எண், அளவு, நேரம் எழுதிய அட்டையை வாங்கி வையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.