சிலிண்டரை மாட்டும் முன் விமான டிக்கெட்டைப் பாருங்கள்!

'லீவுக்கு எங்கே?' என்றால் ஊட்டி, கொடைக்கானல் என்றிருந்த வீடுகளில் இப்போது அந்தமான் பெயர் அடிபடுகிறது. சென்னையிலிருந்து சுமார் இரண்டு மணி நேர விமானம். போர்ட் பிளேரில் இறங்கி - 2024-ல் இதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது - கப்பல் பிடித்தால் ஹேவ்லாக் தீவு. இதுவும் 2018-லிருந்து ஸ்வராஜ் தீவு!

அங்கே கடிகாரத்தை நம்பாதீர்கள். காலை ஐந்து, ஐந்தரைக்கே பளிச்சென்று விடிந்து, மாலையும் அதே ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். 'டீ சாப்பிட்டுட்டு மெதுவா கிளம்பலாம்' என்றிருந்தால் ராதாநகர் கடற்கரையில் இருட்டைத்தான் பார்க்கலாம். பின்னால் அடர்ந்த காடு, முன்னால் வெள்ளை மணல்... சும்மா உட்கார்ந்திருந்தாலே மனசு லேசாகிவிடும்.

எலிஃபென்ட் பீச்சில் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மிதப்பது ஸ்நார்க்கெலிங். லைஃப் ஜாக்கெட் இருப்பதால் நீச்சல் தெரியாதவர்களும் வழிகாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறார்கள். பவளப்பாறையைக் கொறித்துத் தின்னும் கிளிமீனைப் பார்க்கலாம். தின்ற பாறையை அது மணலாக வெளியேற்றுகிறது. நாம் ரசித்து நடக்கிற வெள்ளை மணலில் அதன் பங்கும் உண்டு! 2010-ல் கடல் சூடேறி இங்கே பவளங்கள் ஏராளமாக வெளுத்துப் போயின. மிச்சமிருப்பதை மிதிக்காதீர்கள், காலையும் கிழித்துவிடும்.

சிலிண்டரோடு ஆழத்தில் இறங்கும் ஸ்கூபாதான் கவனிக்க வேண்டிய விஷயம். நீரின் அழுத்தத்தால், சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கூடுதலாகக் கரைகிறது. மேலே வந்தபின் மெள்ள மெள்ளத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால், கேபினில் காற்றழுத்தம் குறைவு என்பதால் சோடா பாட்டிலைத் திறந்த கதைதான்... ரத்தத்திலும் திசுக்களிலும் குமிழிகள்! மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல் வரலாம். அரிதாகத் தண்டுவடம் பாதித்துக் கைகால் செயலிழப்பதும் உண்டு.

ஒரு தடவை இறங்கினால் குறைந்தது 12 மணி நேரம், பல தடவை என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. ஒரு நாள் முழுதாக விடுவது உத்தமம். 'கடைசி நாள் காலை ஸ்கூபா, மதியம் ஃப்ளைட்' என்று டூர்க்காரர் திட்டம் போட்டுத் தந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஸ்நார்க்கெலிங்குக்கு இந்தக் கணக்கு இல்லை.

இறங்கும் முன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். "ஆமான்னு போட்டா இறக்க மாட்டாங்கப்பா, எல்லாத்துக்கும் இல்லைன்னே போட்டுடுங்க" என்று பிள்ளைகள் அவசரப்படுத்துவார்கள். கேட்காதீர்கள்! 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. ஆஸ்துமாக்காரரின் நுரையீரலில் சிக்கிய காற்று, மேலே வரும்போது விரிந்து நுரையீரலையே கிழித்துவிடலாம். சளி பிடித்திருந்தால் காது ஜவ்வுக்கு ஆபத்து. இதயநோய், வலிப்பு, காது ஆபரேஷன் இருந்தால், ஊரிலேயே டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கர்ப்பிணிகளுக்கு ஸ்கூபா கூடவே கூடாது.

முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் கணுக்கால்கூட நனைய வேண்டாம். 2010-ல் ஹேவ்லாக்கில் ஸ்நார்க்கெலிங் செய்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் முதலைக்கு இரையானார்.