வன்னிப் பாறைகளும் புவியின் ஆழமும்

புவியின் ஆரை 6,371 கிலோமீற்றர். மனிதன் துளையிட்டு எட்டிய மிகக் கூடிய ஆழமோ பன்னிரண்டேகால் கிலோமீற்றர் மாத்திரமே. சோவியத் ஒன்றியத்தின் கோலாக் குடாநாட்டில் 1970 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆய்வுத்துளை 1989 இல் 12,262 மீற்றரை அடைந்தது. ஏறத்தாழ ஏழு கிலோமீற்றருக்குக் கீழே கருங்கல் முடிந்து பசோல்ற்றுப் பாறை தொடங்கும் என, நில அதிர்வலைகளின் வேகத்தைக் கொண்டு ஆய்வாளர் கணித்திருந்தனர். அப்பாறை தென்படவேயில்லை. வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறி, வெடிப்புகள் மலிந்த கருங்கல்லே தொடர்ந்தது. அவ்வெடிப்புகளில், எவரும் எதிர்பாரா வகையில், நீரும் இருந்தது. அடியில் 100 பாகை சென்றிகிறேட் அளவே இருக்கும் எனக் கருதப்பட்ட வெப்பநிலை 180 பாகையாயிற்று. அவ்வெப்பத்தில் பாறை இளகித் துளையை மூடத் தொடங்கவே முயற்சி கைவிடப்பட்டது.

கோலாவில் பெரும் பொருட்செலவில் தேடப்பட்ட ஆழம், ஒருவகையில், வன்னியில் எமது காலடியிலேயே கிடக்கின்றது. வவுனியாக் காடுகளிடையே தலைநீட்டும் பாறைத் திட்டுகள் ஒரு காலத்தில் ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் ஆழத்தில், அதாவது கோலாத் துளையின் அடியினும் கீழே, இருந்தவை. இது வெறும் ஊகமன்று. கார்னெற்று, பைரொட்சீன் முதலிய கனிமங்களின் இரசாயன அமைப்பு, அவை உருவான அமுக்கத்துக்கும் வெப்பநிலைக்கும் ஏற்ப மாறுபடும்; ஆகவே அதனை அளந்து ஆழத்தைக் கணிக்கலாம். சேர்க்கோன் மணிகளிலுள்ள யுரேனியம் ஈயமாக மாறிய அளவு காலத்தைக் காட்டும். வன்னிப் பாறைகள் பல ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்கு முன் குழம்பிலிருந்து இறுகியவை. பின்னர், 60 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானா என்னும் பெருங்கண்டம் பொருந்தியபோது, அவை ஆழத்தில் நெரிபட்டு உருமாறின. மேலிருந்த மலைகளை மழையும் ஆறும் அரித்தகற்ற, அடிப்பாறை மெல்ல மேலெழுந்தது.

இப்பாறைகளுள் ஒன்று சார்ணோக்கைற்று. அதன் பெயர்க்கதை சுவையானது. கல்கத்தாவில் யோப் சார்ணொக்கின் கல்லறையை மூடியுள்ள கல், சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்துப் பாறையோடு ஒத்ததெனக் கண்ட தோமஸ் ஹொலண்ட், 1893 இல் அப்பெயரை இட்டார். பல்லாவரமும் வவுனியாவும் ஒரே பெருங்கண்டத்தின் துண்டுகள் என்பதை அக்காலத்தவர் அறிந்திலர்.

முன்னர் மேற்கு விஜயன் தொகுதி என வழங்கிய பாறைகள் 1991 இல் வன்னித் தொகுதி எனத் தனிப்பெயர் பெற்றன. குறோனர், குரே, விதானகே ஆகிய மூவர் அதனை முன்மொழிந்தனர். மத்திய மலைநாட்டுப் பாறைகளின் மூலப்பொருள் 200 முதல் 300 கோடி ஆண்டுப் பழமை காட்ட, வன்னியினது 100 முதல் 200 கோடி ஆண்டுகளே காட்டியமை இப்பிரிப்புக்கு ஆதாரமாயிற்று. வேறு வேறாகத் தோன்றிய நிலத்துண்டுகள் ஒட்டியமைந்ததே இத்தீவின் அடித்தளம்.

இவ்வாராய்ச்சி குடிநீருடன் நேரே தொடர்புடையது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் துளைகள் நிறைந்தது. மழைநீரை உள்வாங்கித் தேக்கும். அங்கு கிணறு உழவின் ஆதாரமாயிற்று. ஆழத்தில் நெரிபட்ட வன்னிப் பாறைக்கோ அத்தகைய துளைகள் இல்லை. சிதைவடைந்த மேற்படையிலும் வெடிப்புகளிலும் மாத்திரமே நீர் தங்கும். வவுனிக்குளம், பாவற்குளம், முத்தையன்கட்டு என நிலமெங்கும் குளங்கள் அமைந்தமைக்கு வரண்ட பருவத்தோடு இப்பாறையும் ஒரு காரணம்.

அதே ஆழம் பாறைக்குள் புளோரைட்டையும் வைத்தது. கருமைக்கா, ஹோண்பிளென்ட், அப்பற்றைற்று ஆகிய கனிமங்களில் அது பொதிந்துள்ளது. ஈரவலயத்திலும் இத்தகைய கனிமங்கள் உண்டு. அங்கு பெருமழை அதனைக் கழுவிச் செல்கிறது. உலர்வலயத்திலோ நீர் வெடிப்புகளில் நீண்டகாலம் தங்கிக் கனிமத்தைக் கரைக்க, ஆவியாதல் எஞ்சியதைச் செறிவாக்குகிறது. குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமே உலக சுகாதார நிறுவனம் ஏற்ற எல்லை. வவுனியாவில் இதனை மீறும் கிணறுகள் உள. குழந்தைகளின் நிரந்தரப் பற்கள் உருவாகும் வயதில் இந்நீரைத் தொடர்ந்து அருந்தின் அவை மங்கிக் கறைபடியும். செறிவு கூடின் எலும்பும் பாதிக்கப்படும். கொதிக்க வைப்பதால் புளோரைட்டு நீங்காது. நீர் வற்றச் செறிவு கூடவே செய்யும்.

கிருமிகளற்ற நீரை நாடி உலர்வலயத்தில் இறக்கப்பட்ட குழாய்க்கிணறுகள், பல இடங்களில், ஆழ்ந்த வெடிப்புகளின் பழைய நீரையே மேலே கொணர்ந்தன. குளத்தை அண்டிய ஆழங்குறைந்த கிணறுகளில், கசிந்து வரும் மழைநீர் கலப்பதால், புளோரைட்டு பொதுவாகக் குறைவு. வெடிப்புகள் ஒழுங்கற்றுச் செல்வதால் அயல் வளவுகள் இரண்டின் நீரே வேறுபடக்கூடும். எனவே ஓர் ஊருக்கு ஒரு மாதிரி எடுத்தல் போதாது, ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியே சோதித்தாக வேண்டும்.